கணையக் காயம்: கத்தி எப்போது?

சைக்கிள் கைப்பிடியோ கார் ஸ்டியரிங்கோ மேல்வயிற்றில் பலமாக இடித்தால், கணையம் முதுகெலும்பின் மீது அழுந்தி நசுங்கலாம். வயிற்றைத் திறப்பதா, காத்திருப்பதா என்பதில் அறுவை மருத்துவர்கள் இன்னும் இரண்டு கட்சிதான். ஆனால் அந்த வாதத்துக்கு முன்பே தெரிந்தாக வேண்டியது ஒன்று உண்டு: கணையத்தின் முதன்மை நாளம் அறுந்ததா, இல்லையா?

அமெரிக்கக் காய அறுவை மருத்துவர் சங்கம் 1990இல் வகுத்த ஐந்து நிலைகளும் இதைச் சுற்றியே அமைந்தவை. முதல் இரண்டில் நாளம் தப்பியிருக்கும். அங்கே பொறுமை போதும், சர்ச்சையே இல்லை. மூன்றாம் நிலையில் கணையத்தின் உடல் அல்லது வால் பகுதியில் நாளம் அறுந்திருக்கும். சிக்கல் இங்கேதான். முதல் சில மணி நேரத்தில் ரத்தத்தில் கணைய நொதியான அமைலேஸ் இயல்பாக இருக்கக்கூடும், சி.டி. ஸ்கேனும் பிளவைத் தவறவிடலாம். சேர்க்கையின்போது ‘இரண்டாம் நிலை’ என்று எழுதப்பட்டது மறுநாள் மூன்றாக மாறுவது இதனால்தான். வலி தணியாவிட்டால் மறு ஸ்கேனும், நாளத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகையான எம்.ஆர்.சி.பி.யும் எடுக்காமல் காத்திருப்பதைச் சிகிச்சை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாளம் அறுந்த காயங்களுக்கு அறுவையே மேல் என்று 2017இல் அமெரிக்காவின் ஈஸ்ட் என்ற காய அறுவை மருத்துவ அமைப்பு வழிகாட்டியது. ஆனால் ஆதாரத்தின் தரம் மிகக் குறைவு என்றும் அதுவே ஒப்புக்கொண்டது. பெரும்பாலானவை பழைய நோயாளிக் குறிப்புகளைப் புரட்டி எழுதிய ஆய்வுகள். மற்ற உறுப்புகளும் சிதைந்தவர்களே கத்திக்குப் போயிருப்பார்கள். அப்படியிருக்க இரு கூட்டத்தின் முடிவுகளையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது எப்படி நியாயம்?

குழந்தைகளிடம் தராசு இன்னும் ஆடுகிறது. காத்திருந்தால் போலி நீர்க்கட்டி, சிரைவழி ஊட்டம், நீண்ட படுக்கை. ஆனாலும் பலர் கத்தியின்றித் தேறிவிடுகிறார்கள். வால்பகுதியை வெட்டியெடுத்தால் குழந்தை சீக்கிரம் சாப்பிடத் தொடங்கலாம். கணையநீர்க் கசிவும் மண்ணீரல் இழப்பும் அதற்கான விலையாகலாம்.

என் தீர்ப்பு இது. பெரியவர்களுக்கு உடலிலோ வாலிலோ நாளம் அறுந்தது உறுதியானால் தாமதிக்காமல் அறுக்கலாம்; ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் மண்ணீரலைக் காப்பாற்றலாம். குழந்தைக்குக் கணையம் மட்டுமே காயப்பட்டு, எம்.ஆர்.ஐ.யும் தேர்ந்த எண்டாஸ்கோபி மருத்துவரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் காத்திருக்கலாம். அவை இல்லாத ஊரில் உடனே மேல்மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

கணையத்தின் தலைப்பகுதி சிதைந்து ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு கணையத் தலையையும் முன்சிறுகுடலையும் அகற்றும் விப்பிள் அறுவையைத் தொடங்குவது துணிச்சல் அல்ல, பிழை. ரத்தப்போக்கை நிறுத்தி, வடிகுழாய் வைத்து வெளியே வர வேண்டும். மிச்ச வேலையை அவர் தேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.