முந்நீர் வழக்கமும் தாரிணியும்: அகத்திணையியல் நூற்பா ஒன்றின் மறுவாசிப்பு

கடல்வழிச் செலவு மகடூஉவோடு நிகழ்வதில்லை என்னும் பொருளில் தொல்காப்பிய அகத்திணையியலில் ஒரு நூற்பா உண்டு. பண்டைத் தமிழகத்தில் பெண்கள் கலம் ஏறத் தடை இருந்தது என்பதற்குச் சான்றாக அது நெடுங்காலமாகக் காட்டப்பட்டு வருகிறது. 2024 அக்டோபர் 2 அன்று இந்தியக் கடற்படையின் தாரிணி என்னும் 56 அடிப் பாய்மரப் படகு கோவாவிலிருந்து புறப்பட்டது. அதில் இருந்தவர்கள் இருவர்: கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. ஃப்ரிமேன்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய நான்கு துறைகளில் மட்டும் தங்கி, 25,000 கடல் மைல்களுக்கு மேல் காற்றின் விசையால் மட்டுமே சென்று, 2025 மே 29 அன்று அவர்கள் கோவா திரும்பினர். புதுச்சேரிப் பெண்ணொருவர் உலகைச் சுற்றி வந்ததால் நூற்பா பொய்த்துவிட்டது என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அந்நூற்பா அப்படியொரு தடையை விதித்ததா என்பதே முதலில் கேட்கத்தக்கது.

நூற்பாவின் இடம் அகத்திணையியல். அங்குப் பேசப்படுவது தலைவனின் பிரிவு. உரையாளர்கள் அதனைக் காலிற் பிரிவு, கலத்திற் பிரிவு என இரண்டாகப் பகுத்தனர். தரைவழியில் தலைவி உடன்செல்லலாம். உடன்போக்குத் துறை முழுவதும் அதற்குச் சான்று. கடல்வழியில் அவள் உடன்செல்வதாகப் பாடும் மரபு இல்லை. ஆகவே நூற்பா கூறுவது செய்யுள் வழக்கு. துறைமுகத்தில் நின்று பெண்களைத் திருப்பி அனுப்பிய சட்டம் அன்று. ‘முந்நீர்’ என்பதைக் கடல் எனக் கொள்ளாமல், ஓதல், தூது, பொருள் என்னும் மூன்று நீர்மை எனப் பிரித்துப் பொருள் காண்பதும் உண்டு. அவ்வாறு கொண்டால் நூற்பாவிலிருந்து கடலே விலகிவிடும். சூழலுக்கு முதற்பொருளே பொருந்துகிறது என்றாலும், இவ்வளவு நெகிழ்வுடைய ஒரு தொடரைச் சமூக வரலாற்றுச் சான்றாக நிறுத்துவோர் சற்றுத் தயங்கியிருக்க வேண்டும்.

இதனினும் முக்கியமானது வேற்றுமை உருபு. இந்நூற்பாவை அடுத்து மடலேறுதல் பற்றிய நூற்பா வருகிறது. அங்கே மகடூஉ மடலேறக்கூடியவளாக எண்ணப்பட்டு, பின்னர் அது நெறியன்று என விலக்கப்படுகிறாள். விலக்குக்குக் காரணமும் சொல்லப்படுகிறது. கடல் நூற்பாவில் காரணம் எதுவும் இல்லை. மகடூஉ அங்கே எழுவாயாகவும் வரவில்லை. ‘ஓடு’ உருபு ஏற்று உடன்வருபவளாக மட்டும் நிற்கிறாள். (ஒருவினையில் வரும் ஒடு உயர்ந்ததன் பெயரையே சாரும் என்னும் சொல்லதிகார விதியை இங்குப் பொருத்தினால் சுவையான முடிவு ஒன்று கிடைக்கும், அதனை வற்புறுத்த வேண்டியதில்லை.) பெண் கலம் செலுத்துவதை நூற்பா தடுக்கவில்லை, அதனை எண்ணிப் பார்க்கவே இல்லை. தடை இருந்தால் மீறலாம். எண்ணப்படாத ஒன்றை மீறுவதற்கு வழியில்லை. அதற்குப் புதிதாக இடம் அமைத்தாக வேண்டும்.

இந்த எண்ணாமை காப்பியத்திலும் தொடர்கிறது. மணிமேகலை பலமுறை கடல் கடக்கிறாள். முதன்முறை தெய்வம் அவளைத் துயிலில் எடுத்துச் செல்கிறது; பின்னர் மந்திர வலிமையால் வான்வழியே செல்கிறாள். சாதுவன் கலத்தில் போகிறான். அவன் மனைவி ஆதிரை கரையில் நின்று தீப்புகத் துணிகிறாள். இவற்றினும் நுட்பமான இடம் சாவகத்திலிருந்து மணிபல்லவம் செல்லும் பகுதி. ஒரே தீவுக்கு, ஒரே நோக்கில், மன்னன் புண்ணியராசன் கலம் ஏறி வருகிறான். மணிமேகலை வானூடு வருகிறாள். துறவியின் சித்திக்கு இது சிறப்பு என்று கொள்வது உண்மையே. ஆயினும் பெண்ணை வானில் பறக்கவிடத் துணிந்த சாத்தனார், அவளைக் கலத்தில் ஏற்றவில்லை என்பதும் கருதத்தக்கது.

புதுச்சேரிக்கு வடக்கே, பெரிய முதலியார்சாவடி தொடங்கி மரக்காணத்து உப்பளங்கள் வரை நீளும் கரை இவ்வாய்வுக்கு நெருக்கமானது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினத்தை மரக்காணம் எனக் கருதுவோர் உண்டு. அப்பாட்டில் அலை கொணர்ந்து ஒதுக்கிய அகிற்கட்டை விறகாகிறது. நுளையர் மகள் தேறலை அரிக்கிறாள். தொலைநாட்டு மரம் அவள் அடுப்புக்கு வருகிறது. அவள் எங்கும் செல்வதில்லை. இன்றும் இக்கரையின் மீனவக் குப்பங்களில் ஆண்கள் கடலுக்குச் செல்ல, பெண்கள் மீனை விற்கின்றனர். இத்தொழிற்பிரிவுக்கு நூற்பாவைக் காரணம் காட்டுவது பொருந்தாது. பிடித்த மீனை அன்றே காசாக்க வேண்டிய தேவை இலக்கணத்தைவிட வலியது. நெய்தலின் இரங்கலுக்கு நிலமாக இருந்த மணற்கரையும் இங்கு நிலையாக இல்லை. புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் மணல் வரத்தை மறித்தபின், அதற்கு வடக்கேயுள்ள குப்பங்களின் கரை அரிக்கப்பட்டு, பல இடங்களில் கருங்கற்கள் குவிக்கப்பட்டுள்ளன.

கலைச்சொல்லும் இதே சிக்கலைக் காட்டுகிறது. மீகாமன், நீகான் என்னும் பழஞ்சொற்கள் ஆண்பால் ஈறு உடையவை. அரபு மூலத்ததாகக் கருதப்படும் ‘மாலுமி’ பால் காட்டாதது. தாரிணியில் சென்ற இருவரையும் அது இடரின்றித் தாங்கும். ஆயினும் ‘பெண் மாலுமி’ என அடைகொடுத்து எழுதும் பழக்கம், அச்சொல்லுக்கு இல்லாத ஆண்பாலை அதன்மேல் ஏற்றுகிறது.

2017 செப்டம்பர் முதல் 2018 மே வரை இதே தாரிணியில் கடற்படையின் பெண் அதிகாரிகள் அறுவர் 254 நாட்களில் உலகைச் சுற்றினர். அறுவர் ஒரு குழு. முறைவைத்து உழைக்கவும் கூடி உண்ணவும் அங்கு ஆட்கள் உண்டு. இருவர் மட்டும் செல்லும் கலத்தில் நிலைமை வேறு. ஒருவர் காற்றையும் பாயையும் காக்கும்போதுதான் மற்றவர் உறங்க முடியும். 2025 ஜனவரி இறுதியில், எல்லாக் கரைகளிலிருந்தும் மிகத் தொலைவான நீமோ முனையை அவர்கள் கடந்தபோதும் இதுவே நிலை. காத்திருத்தல் அங்கே கரைக்கு உரிய செயலாக இல்லாமல், கலத்திற்குள்ளேயே காவல்முறையாக மாறிவிடுகிறது. உடன்செல்பவள் யார், செலுத்துபவள் யார் என்பது சில மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறுகிறது. ‘மகடூஉவோடு’ என்னும் உருபு இங்கே பொருந்துகிறது. ஆனால் அவ்வுருபுக்கு எழுவாயாக நிற்பவளும் மகடூஉ. இரங்கலை உரிப்பொருளாகக் கொண்ட நெய்தலில் இதற்கு ஒரு துறை இல்லை.