முதலில் வந்தவர் யார்? ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பும் மொரீசியசுத் தமிழரின் தொன்மை வாதமும்

திறவுச்சொற்கள்: ஆனந்தரங்கப்பிள்ளை, புதுச்சேரி, மொரீசியசு, அடிமை வணிகம், புலம்பெயர்வு, நீலக்கடல்

முன்னுரை

1998ஆம் ஆண்டு நவம்பரில் மொரீசியசு வங்கி புதிய பணத்தாள்களை வெளியிட்டது. அதுவரை ஆங்கிலம், தமிழ், இந்தி என்றிருந்த எழுத்துவரிசை அவற்றில் ஆங்கிலம், இந்தி, தமிழ் என மாறியிருந்தது. மக்கள்தொகையில் சிறுபான்மையினரான தமிழர் கடுமையாக எதிர்த்தனர். தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, 1999இல் பழைய வரிசையுடன் மீண்டும் அச்சாயின. எண்ணிக்கையை முன்வைத்து வெல்ல முடியாத இவ்வழக்கில், இந்தியரில் தமிழரே தீவுக்கு முதலில் வந்தவர் என்னும் தொன்மை வாதமே தமிழருக்குத் துணை நின்றது. அவ்வாதத்தின் அடிப்படைச் சான்றுகள் புதுச்சேரித் துறைமுகத்தைச் சார்ந்தவை. அச்சான்றுகளுள் ஒன்றான ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பை வைத்து, தொன்மை வாதம் எதைச் சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கைவினைஞர் என்னும் தோற்றக்கதை

1834 நவம்பர் 2இல் 'அட்லசு' கப்பலில் கல்கத்தாவிலிருந்து 36 தொழிலாளர் போர்ட் லூயி வந்திறங்கியதை மொரீசியசு அரசு ஒப்பந்தக் கூலிமுறையின் தொடக்கமாகக் கொண்டாடுகிறது. தமிழர் தம் வரவை இதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே வைக்கின்றனர். 1735இல் தீவின் ஆளுநராக வந்த லபூர்தொனே போர்ட் லூயியைத் துறைமுக நகராக்கியபோது, புதுச்சேரியிலிருந்து சென்ற கொத்தரும் தச்சரும் கடலோடிகளும் அங்குப் பணிபுரிந்தனர். 1768 முதல் 1770 வரை தீவில் தங்கிய பெர்னார்தென் தெ சேன் பியர், பயணநூலில் (1773) 'மலபார்' மக்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் புதுச்சேரியிலிருந்து சில ஆண்டுகளுக்குத் தம்மை வாடகைக்கு விட்டு வருவோர் என்றும், பெரும்பாலும் தொழில் வல்லோர் என்றும் குறிப்பிடுகிறார். பிரெஞ்சுக்காரர் தமிழரைச் சுட்டிய சொல்லே மலபார்.

இந்தச் சித்திரம் உண்மையானது. நகரைக் கட்டியவர் என்ற பெருமை கரும்புத் தோட்டக் கூலி என்ற இழிவிலிருந்து தமிழரை வேறுபடுத்தியதும் உண்மை. தமிழ்த் திறனாய்வும் இதனைப் பெரிதும் அவ்வாறே ஏற்றுக்கொண்டது. பாரதியின் பிஜித் துயரப் பாடல் தொடங்கிப் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' வரை புலம்பெயர்வின் துயரம் என்றால் தோட்டம். தோட்டத்துக்கு முந்தையது என்றால் வணிகமும் கைவினையும். இப்பாகுபாடு வசதியானது, அதனாலேயே ஐயத்திற்குரியது.

நாட்குறிப்பின் இன்னொரு பக்கம்

ஆனந்தரங்கப்பிள்ளை (1709-1761) 1736 முதல் தம் இறப்புவரை எழுதிய நாட்குறிப்பில் கடல் எங்கும் உள்ளது. கப்பல்களின் வரவும் போக்கும், சரக்கும், விலையும், குண்டு முழக்கத்தின் எண்ணிக்கையும் தவறாமல் இடம்பெறுகின்றன. 'ஆனந்தப் புரவி' என்னும் சொந்தக் கப்பலை வைத்திருந்த வணிகரின் கண் அது.

இந்நாட்குறிப்பில் ருத்ரோத்காரி ஆண்டாகிய 1743இல், மஸ்கரேன் தீவுகளுக்கு ஆள்பிடித்து அனுப்பிய செய்தி ஒன்று உள்ளது. ஊர்ப்புறங்களிலிருந்து வருவோரை வேலை தருவதாக ஏய்த்து அழைத்துச் சென்று அடைத்துவைத்தனர், தலையை மழித்தனர், கறுப்புத் துணி உடுத்தினர், இரவில் கப்பலேற்றினர். பிள்ளை இதை விரிவாகவே எழுதுகிறார். ஆனால் அவர் அக்கறை, இதில் எவர் எவருக்குப் பங்குண்டு, விசாரணை எங்குச் செல்லும் என்பதில் குவிகிறது. கப்பல் கரையை விட்டகன்றபின் அம்மனிதர் என்ன ஆயினர் என்பதை நாட்குறிப்பு தொடர்வதில்லை. சரக்கைப் பற்றி இவ்வாறு அவர் விட்டுவிடமாட்டார் என்பது நினைக்கத்தக்கது.

பிடிபட்டோர் எங்கிருந்து வந்தனர்? புதுச்சேரி சுவர் சூழ்ந்த சிறு நகரம். அதற்கு நெல்லும் விறகும் துணியும் ஆளும் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிக்குட்பட்ட சுற்றுவட்டத்திலிருந்தே வந்தன. இன்றைய வானூர் வட்டத்து ஊர்கள் ஒரு நாள் நடைக்குள் அமைந்தவை. பஞ்சத்திலும் போரிலும் இவ்வூர்களுக்கு நகரமே புகலிடம்; ஆள்பிடிப்போர் காத்திருந்ததும் அந்நகரத்திலேயே. பின்னர் 1860, 1861ஆம் ஆண்டுகளின் ஆங்கில-பிரெஞ்சு உடன்படிக்கைகளால் தென்னார்க்காட்டுக் குடிகளும் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரெயூனியனுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் சென்றனர். துறைமுகத்தின் பெயரே பிறப்பிடமாக நினைவில் தங்கியதால் ஊர்ப்பெயர்கள் பல மறைந்தன.

புனைவின் ஈடு

வானூர் வட்டத்துக் கொழுவாரியில் பிறந்து பிரான்சில் வாழும் நாகரத்தினம் கிருஷ்ணாவின் 'நீலக்கடல்' நாவல் இங்கு முதன்மை பெறுகிறது. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மொரீசியசில் அடிமைப்பட்ட தமிழரை நாவலின் மையத்துக்குக் கொண்டுவந்ததே அதன் சாதனை. நாட்குறிப்பு கரையில் நின்றுவிட்ட இடத்தில் நாவல் கப்பலேறுகிறது. புலம்பெயர் இலக்கியம் பற்றிய கல்விப்புல ஆய்வுகள் ஈழத்தையும் மலேயாவையும் மையப்படுத்தியதால், இந்நாவல் பெறவேண்டிய கவனத்தைப் பெறவில்லை என்றே சொல்லவேண்டும்.

இரண்டு விடுமுறைகளுக்கு நடுவில்

1810இல் ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றினும் பிரெஞ்சு மொழியும் சட்டமும் நிலைத்தன. இதனாலேயே இன்றைய மொரீசியசு காமன்வெல்த்திலும் பிரெஞ்சுமொழி நாடுகளின் அமைப்பிலும் ஒருங்கே உறுப்பினராக உள்ளது. இந்தியாவுடன் உறவையும் பேணுகிறது. இவ்வுறவுக்கு நாட்டின் நாட்காட்டியே வடிவம் தருகிறது. பெப்ருவரி 1 அடிமைமுறை ஒழிப்பு நாள். நவம்பர் 2 ஒப்பந்தத் தொழிலாளர் வருகை நாள். முன்னது ஆப்பிரிக்க வழியினரான கிரியோல்களுடையது, பின்னது இந்திய வழியினருடையது என்பது பொதுப்புரிதல். அடிமையாகச் சென்ற தமிழர் முன்னதற்கு உரியவர். ஆனால் அங்கு அவரைத் தேடுவார் இல்லை.

காரணம் எளிது. கோயிலையும் பெயரையும் காத்த விடுதலை பெற்ற கைவினைஞர் மரபு 'தமிழர்' எனத் தொடர்ந்தது. அடிமையானவரோ திருமுழுக்குப் பெற்று, வேறு பெயர் பெற்று, கிரியோல் மக்களுடன் கலந்தார். அவர் வழியினர் அரசியலமைப்பின் வகைப்பாட்டில் 'பொது மக்கள்' என்ற பிரிவில் அடங்குவர். எனவே 1998இல் முதலில் வந்தவர் யார் எனக் கேட்கப்பட்டபோது, அவர் சார்பில் பேச எவரும் இருக்கவில்லை.

ஆங்கில ஆட்சியில் 1817 முதல் தொகுக்கப்பட்ட மொரீசியசு அடிமைப் பதிவேடுகள் இலண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மொசாம்பிக், மடகாசுகர் என்பவற்றோடு 'இந்தியர்' என்னும் பிறப்பிடக் குறிப்பும் அவற்றில் உண்டு. அவ்வாறு குறிக்கப்பட்டோரின் பெயர்கள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பெயர்கள். தமிழ் ஆய்வாளர் அவற்றை இன்னும் தமிழர் வரலாற்றின் சான்றாக வாசிக்கத் தொடங்கவில்லை.