பத்தாவது சுற்று

தமிழ்நாட்டில் எழுபது வருடத்துக்கு மேலாக ஆடப்படும் விளையாட்டு ஒன்று உண்டு. மட்டை, பந்து, மைதானம் எதுவும் வேண்டாம். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும். ‘வந்தியத்தேவனா யாரைப் போடலாம், சொல்லுங்க?’ என்று ஆரம்பித்துவிடலாம். கல்யாணப் பந்தியில் ரசம் வருவதற்குள் சண்டை வந்துவிடும்.

கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950-ல் ஆரம்பித்து 1954-ல் முடித்தார். வாராவாரம் படித்தவர்கள் மணியத்தின் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் வேறு முகங்களை ஒட்டிக்கொண்டார்கள். 1958-ல் எம்.ஜி.ஆர். அதைப் படமாக எடுக்கப் போவதாக அறிவித்தார். வைஜெயந்திமாலா, பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி, ஜெமினி கணேசன், டி.எஸ்.பாலையா, நம்பியார், நாகையா என்று பெரிய பட்டாளம். நடுவில் எம்.ஜி.ஆருக்கு ஒரு விபத்து. படம் வரவில்லை. பட்டியல் மட்டும் மிஞ்சியது.

2022 செப்டம்பரில் மணிரத்னத்தின் முதல் பாகத்துக்குச் சென்னையில் விழா நடந்தபோது, ரஜினியே மேடையில் இந்த ஆட்டத்தை ஆடிக் காட்டினார். நாவலைப் படிக்கும்போது வந்தியத்தேவனாக அவர் பார்த்தது அவரைத்தான். கமல் அருள்மொழி. ஸ்ரீதேவி குந்தவை. ரேகா நந்தினி. விஜயகாந்த் ஆதித்த கரிகாலன். சத்யராஜ் பழுவேட்டரையர். கமல் தன் பங்குக்கு, ‘வந்தியத்தேவனுக்கு ரஜினியைப் போடு’ என்று சிவாஜி ஒரு காலத்தில் தன்னிடம் சொன்னதைச் சொல்லிச் சிரித்தார். அவர்களே ஆடும்போது நாம் ஆடுவதில் என்ன வெட்கம்?

வெட்கம் இல்லை. ஆனால் ஆட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. இது செலவே இல்லாத ஆட்டம். ரஜினியை நானும் போடலாம், நீங்களும் போடலாம். அவரவருக்குப் பிடித்த முகத்தை அவரவர் சொல்லிவிட்டு இலையை மடித்துவிட்டுப் போகலாம். இதற்குப் பெயர் ஆசை. ரசனை வேறு சமாச்சாரம். பி.காம். முதல் வருடத்திலேயே ‘வாய்ப்புச் செலவு’ என்று ஒன்றைச் சொல்லித் தருவார்கள். ஒன்றை எடுத்தால் எதை விட்டோமோ, அதுதான் எடுத்ததன் விலை. எதையும் விடவேண்டாம் என்றால் அங்கே தேர்வு என்பதே கிடையாது.

அந்த ஓட்டையை அடைக்க ஒரு வழி இருக்கிறது. ஏலம். அல்லது அதன் தம்பியான டிராஃப்ட். நாங்கள் ஆறு பேர் ஆடுவது இரண்டாவது வகை. ஆறு பேரும் ஆறு ஊர். ஒரே அறையில் ஒருபோதும் உட்கார்ந்ததில்லை. சனிக்கிழமை ராத்திரி ஆன்லைனில் கூடுவோம். கோவையில் ஒரு வக்கீல், துபாயில் ஒரு கணக்காளர், திருச்சியில் ஒரு தமிழ் டீச்சர், இப்படி.

விதிகள் சுலபம். பத்துப் பாத்திரங்கள். வந்தியத்தேவன், அருள்மொழி, ஆதித்த கரிகாலன், நந்தினி, குந்தவை, பெரிய பழுவேட்டரையர், ஆழ்வார்க்கடியான், பூங்குழலி, செம்பியன் மாதேவி, மணிமேகலை. எந்தக் காலத்து நடிகரையும் எடுக்கலாம். ஆனால் ஒருவர் எடுத்துவிட்டால் அந்த நடிகர் மற்ற ஐந்து பேருக்கும் எந்த வேஷத்துக்கும் கிடையாது. முதல் சுற்றில் ஒன்றிலிருந்து ஆறு வரை போனால், அடுத்த சுற்று ஆறிலிருந்து ஒன்றுக்குத் திரும்பும். பாம்பு மாதிரி. கடைசி நாற்காலிக்காரருக்கு அடுத்தடுத்து இரண்டு வாய்ப்பு. மொத்தம் அறுபது பெயர், அறுபதும் வேறு வேறு.

இரண்டு துணை விதிகள். நடிகரோடு வருடத்தையும் சொல்லவேண்டும். ஏன் என்று ஒரே வாக்கியத்தில் காரணம் சொல்லவேண்டும். அதில் ‘அழகு’, ‘கம்பீரம்’, ‘பொருத்தம்’ என்ற மூன்று சொற்களும் வரக்கூடாது.

அந்த மூன்று சொல்லை எடுத்துவிட்டால் நம் சினிமாப் பேச்சில் பாதி காலி என்பது முதல் பத்து நிமிஷத்திலேயே தெரிந்துவிடும்.

முதல் சுற்றில் முதல் பெயர் ரஜினி. இதில் ஆச்சரியம் இல்லை. ‘எந்த வருஷத்து ரஜினி சார்?’ என்று கேட்டதும்தான் விஷயமே ஆரம்பித்தது. 1978, ‘முள்ளும் மலரும்’ ரஜினி என்றார் வக்கீல். காரணம்: ‘அந்த ஆளுக்குத் தான் ஸ்டார்னு இன்னும் தெரியாது.’ ஒரு வாக்கிய விமரிசனம். வந்தியத்தேவனும் அப்படித்தான். கையில் ஓலை, இடுப்பில் வாள், வாயில் பொய். ராஜ்ஜியம் கிடையாது. தான் பெரிய ஆள் என்று தெரிந்துவிட்ட நடிகர் யாரும் அவனாக முடியாது. கதை அவனை வாரத்துக்கு ஒருமுறை முட்டாளாக்கும். அதற்கு ஸ்டார் சம்மதிக்கவேண்டுமே!

அடுத்து துபாய்க்காரர். அவருக்கும் வந்தியத்தேவன்தான் வேண்டும், ரஜினி போய்விட்டார். யோசித்துவிட்டு, ‘1958 சந்திரபாபு’ என்றார். எல்லோரும் சிரித்தோம். ‘வாளைவிட வாய் வேகமான ஆளு வேணும்’ என்று காரணம் சொன்னதும் சிரிப்பு நின்றது. ‘சபாஷ் மீனா’ வந்தது அதே 1958-ல்தான்; எம்.ஜி.ஆர். படத்தை அறிவித்த அதே வருடம். அன்றைக்கு யாருக்கும் இப்படித் தோன்றியிருக்காது. ரஜினி கிடைத்திருந்தால் நண்பருக்கும் தோன்றியிருக்காது. பற்றாக்குறைதான் அவரை நாவலிடம் திருப்பி அனுப்பியது.

இந்த ஆட்டத்தின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. முதல் தேர்வில் நடிகர் ஞாபகம் வருகிறார். அவர் கிடைக்காதபோதுதான் பாத்திரம் ஞாபகம் வருகிறது.

பெரிய பழுவேட்டரையரையே எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண். அறுபது வயசைத் தாண்டி, இளம் நந்தினியைக் கட்டிக்கொண்டு, ஊரே முதுகுக்குப் பின்னால் சிரிக்கும்படி நடமாடுகிற கிழவர். பார்த்தால் பயம் வரவேண்டும். அதே நேரத்தில் சிரிப்பும் வரவேண்டும். கடைசியில் அவருக்காகக் கண் கலங்கவேண்டும். எங்கள் ஆட்டத்தில் அந்த இடத்துக்கு ‘படிக்காத மேதை’ (1960) ரங்காராவ் வந்தார். மலை மாதிரி மனுஷன் உடைந்துபோவதை அவர் அளவுக்கு நடித்தவர் குறைவு. படத்தில் சரத்குமார் செய்தார். போர்வீரர் என்று நம்பலாம். அறுபத்து நான்கு காயத்தையும் நம்பலாம். ஊர் சிரிக்கிற கிழவர் மட்டும் காணவில்லை. அவரைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றாததால் அவர் விழும்போது துக்கமும் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

ஆழ்வார்க்கடியானுக்கு நாவலில் குட்டையான கட்டை உடம்பு, முன்குடுமி, உடம்பெல்லாம் சந்தனம். எல்லோரும் குண்டான நடிகர்களைத் தேடிக்கொண்டிருந்தபோது டீச்சர் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) பாலையாவை எடுத்தார். நாகேஷ் பேய்க் கதை சொல்ல, பாலையா கேட்டுக்கொண்டிருப்பாரே, அந்தக் காட்சிக்காக. ‘ஒற்றனுக்கு வேலையே காது கொடுத்துக் கேக்கறதுதான். கேக்கறதையே நடிப்பா செஞ்சவர் அவர்தான்.’ (இரண்டு வாக்கியம். ஆனாலும் அனுமதித்தோம்.)

ஐந்தாவது சுற்றுவரை ஆட்டம் பறக்கும். ஆறாவதில் மூச்சு வாங்கும். எட்டு, ஒன்பது வந்ததும் ஒரு விசித்திரம் நடக்கும். பெயர்கள் தீர்ந்துபோகும். முகங்கள் தீராது. ‘அந்தப் படத்துல அத்தையா வருவாங்களே...’, ‘வில்லனோட மச்சான், மீசை வெச்சிருப்பாரு, குரல்கூட கரகரன்னு...’ இப்படி. நாற்பது வருடம் நம்மைச் சிரிக்க வைத்தவர்கள், அழ வைத்தவர்கள். கோபாலபுரம் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி முகம் தெரிகிறது, பெயர் தெரியவில்லை. ஹீரோவின் பிறந்தநாள், நட்சத்திரம், முதல் கார் எல்லாம் தெரிந்த கும்பல் இது. டைட்டிலில் நான்காவது வரிசையில் ஓடிய பெயரை நாம் யாரும் படிக்கவே இல்லை.

பெண்கள் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். குந்தவை, நந்தினிக்கு அடிதடி. செம்பியன் மாதேவிக்கு ஆள் தேடும்போது ஆறு பேரும் மௌனம். நாற்பது வயசைத் தாண்டிய நடிகையைப் பெயர் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ள நாம் பழகவில்லை. 2022 படத்தில் அந்த வேஷம் ஜெயசித்ராவுக்கு. 1973-ல் ‘சொல்லத்தான் நினைக்கிறேன்’ படத்தில் கமலோடு நடித்தவர். அதே 2022 படத்தின் தொடக்கத்தில் கதை சொல்லும் குரல் கமலுடையது. குரலை எல்லோருக்கும் தெரிந்தது. ‘அந்த மகாராணியம்மா யாருப்பா?’ என்ற கேள்வியை தியேட்டரில் என் காதாலேயே கேட்டேன்.

சின்ன வேஷத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968). அதுவும் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதைதான். சிவாஜி, பத்மினி முதல் சுற்று. எந்தத் தயாரிப்பாளருக்கும் தோன்றும். அந்தப் படத்தை இன்றைக்கும் டி.வி.யில் நடுவிலிருந்து பார்க்க வைப்பது யார்? தவிலோடு பாலையா, வைத்தியாக நாகேஷ், ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா. ஏ.பி.நாகராஜன் எட்டாவது, ஒன்பதாவது சுற்றில் தூங்கவில்லை. வேறென்ன ரகசியம்?

கிரிக்கெட்காரர்களுக்கு இது தெரியும். 2008-ல் முதல் ஐ.பி.எல். ஏலத்தில் ஒரு அணி 50 லட்சம் டாலர்தான் செலவழிக்கலாம். சென்னை அணி தோனி ஒருவருக்கே 15 லட்சம் கொடுத்தது. நூற்றுக்கு முப்பது. அதைத்தான் பேப்பர்கள் தலைப்பாகப் போட்டன. மீதி எழுபதில் மற்ற அத்தனை பேரையும் யோசித்து எடுத்தார்கள் பாருங்கள், அணி என்பது அதுதான்.

எங்கள் ஆட்டத்துக்கும் குறை உண்டு. ஒரு நடிகர் ஏற்கெனவே செய்ததுதான் அதற்குத் தெரியும். 1977-க்கு முன்னால் நாங்கள் ஆடியிருந்தால் சப்பாணி வேஷத்துக்குக் கமலை எவனும் எடுத்திருக்க மாட்டான். கோவணம், தாங்கல் நடை, வாயில் வெற்றிலை... ‘அழகான பையனப்பா, வேஸ்ட் பண்ணாதீங்க’ என்றிருப்போம். பாரதிராஜாவுக்கு, அதுவரை யாரும் பார்க்காத கமல் தெரிந்தார். ரசிகன் நேற்றைய நடிகரை எடுக்கிறான். நல்ல டைரக்டர் நாளைய நடிகரை எடுக்கிறார். ஆட்டத்தால் அந்த இடத்துக்குப் போகமுடியாது. ஆனால் அப்படி ஒரு இடம் இருப்பதைக் காட்ட முடியும். ‘பருத்திவீர’னில் (2007) பார்த்த கார்த்திக்கு வந்தியத்தேவனைக் கொடுத்தது அப்படிப்பட்ட தேர்வுதான். தன்னைப் பார்த்து ஊர் சிரித்தால் அவருக்குக் கோபம் வராது என்பது முகத்திலேயே எழுதியிருக்கிறது. படத்தில் ஆகச் சரியான நியமனம் என்று அதைத்தான் சொல்வேன்.

கடைசியாக, பத்தாவது சுற்று. மணிமேகலை. எல்லோரும் அவளைக் கடைசிக்குத் தள்ளியிருந்தோம். சம்புவரையர் மகள், கந்தமாறனின் தங்கை. கதையில் ஓரமாக நிற்கிற பெண். மணிரத்னத்தின் இரண்டு பாகத்திலும் அவளுக்கு இடமே இல்லை. மூன்று தலைமுறை வாசகர்களும் அவளைக் கேட்டுச் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் நாவலை எடுத்துப் பாருங்கள். வந்தியத்தேவனைக் காப்பாற்றக் கொலைப்பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளத் துணிகிறவள் அவள்தான். ஐந்து பாகம், நாலு வருஷம், ராஜா, ராணி, சதி, புயல், கடல் எல்லாம் முடிந்த பிறகு கல்கி தன் கடைசி அத்தியாயத்தை யாருக்குக் கொடுத்தார்? பட்டம் சூட்டிக்கொள்பவருக்கு இல்லை, குந்தவைக்கும் இல்லை. வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுகிற மணிமேகலைக்கு. நாம் பத்தாவதாகத் தள்ளியவளிடம்தான் ஆசிரியர் கதையை முடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

டீச்சர் முறை வந்தது. ‘1978 ஷோபா’ என்றார். ஒன்பது சுற்றில் ஐம்பதுக்கும் மேல் பெயர் போயிருந்தது. ஷோபாவை ஒருத்தரும் தொடவில்லை. ‘பசி’ படத்துக்காகத் தேசிய விருது வாங்கி, 1980-ல் இருபது வயசுகூட ஆகாமல் போய்விட்ட பெண். காரணம் கேட்டோம். ‘அண்ணனுக்கும் மனசுக்குப் பிடிச்சவனுக்கும் நடுவுல நிக்கறது எப்படின்னு அவ ஏற்கெனவே காட்டிட்டா.’

‘முள்ளும் மலரும்’ வள்ளி! வக்கீல் ரஜினியை எடுத்த அதே படம். அதன் மூலக்கதையும் உமாசந்திரன் ‘கல்கி’ பத்திரிகையில் எழுதிய தொடர். முதல் பெயரை எடுத்தவர் படத்தில் ஒருவரைத்தான் பார்த்தார். பத்தாவது பெயரை எடுத்தவர் படத்தை முழுசாகப் பார்த்திருக்கிறார்.

அதனால், ‘வந்தியத்தேவனா யாரைப் போடலாம்?’ என்று இனி யாராவது கேட்டால் பதில் சொல்லாதீர்கள். ‘அது இருக்கட்டும் சார், மணிமேகலைக்கு யாரு?’ என்று திருப்பிக் கேளுங்கள். உடனே பதில் வந்தால் அவரை விடாதீர்கள். நாவலையும் படித்தவர், டைட்டிலையும் படித்தவர்.