தூரிகை விட்டதும் பேனா தொட்டதும்

ஓவியர்கள் எழுத வந்தால் நாம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வர்ணம் குழைத்த கை ஓய்வு நேரத்தில் காகிதத்தில் கிறுக்கிய ஏதோ ஒன்று என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்க முடியாத ஒரு பெண்மணியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் தீட்டிய படங்களுக்கு இன்று பெரும் புகழ் இருக்கிறது. அவர் எழுதிய புத்தகமோ அந்தப் படங்களின் காலடியில் கிடக்கும் குறிப்பேடாகவே பலருக்குத் தோன்றுகிறது. என் அபிப்பிராயம் வேறு. படம் செய்யத் தவறிய ஒரு காரியத்தைப் புத்தகம் செய்திருக்கிறது.

அவர் பெயர் எமிலி கார். கனடாவின் மேற்குக் கோடியில், பசிபிக் சமுத்திரக் கரையில் உள்ள விக்டோரியா நகரில் 1871-ல் பிறந்து, 1945-ல் அதே நகரில் இறந்தார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. ஸான் பிரான்ஸிஸ்கோவிலும் இங்கிலாந்திலும் சித்திரம் பயின்றார். அந்தக் காலத்துக் கனவான் வீட்டுப் பெண்கள் கற்றுக்கொண்ட அளவோடு நின்றிருந்தால், பூச்சாடியும் தோட்டமும் வரைந்து நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். 1907-ல் சகோதரியோடு அலாஸ்காவுக்குப் போனார். அங்கே ஸிட்கா என்னும் ஊரில் பழங்குடிகளின் டோட்டம் கம்பங்களைக் கண்டார். தம்முடைய மாகாணத்துக் கிராமங்களில் நிற்கும் கம்பங்களையெல்லாம் அவை அழியுமுன் வரைந்து வைப்பது என்று முடிவு செய்தார். ஒரு பெண்ணின் தனிப்பட்ட சங்கற்பந்தான் அது. அதற்குப் பின்னால் சர்க்காரும் இல்லை, சர்வகலாசாலையும் இல்லை.

டோட்டம் கம்பம் என்றால் என்ன என்று நம் வாசகர்கள் கேட்கலாம். வானளாவ வளரும் செடார் மரத்தை வெட்டி, அதன் நீளம் முழுவதும் ஒன்றன்மேல் ஒன்றாக அண்டங்காக்கை, கழுகு, கரடி, திமிங்கிலம் என்று செதுக்கியிருப்பார்கள். வழிபாட்டுக்கு உரிய விக்கிரகம் அல்ல அது. ஒரு குலத்தின் பூர்வ சரித்திரத்தையும் அதன் உரிமைகளையும் ஊரார் முன் அறிவிக்கும் சாசனம் என்று சொல்லலாம். இறந்தவர்களுக்காக நிறுத்திய கம்பங்களும் உண்டு. படிக்கத் தெரிந்தவனுக்கு அது ஒரு குடும்பத்தின் கதை. தெரியாதவனுக்கு வெறும் மரம், அல்லது வேடிக்கைப் பொருள். ஆகவே இந்தக் கம்பங்களை வரைகிற காரியம் சித்திரக் கலையோடு முடிகிற காரியம் அல்ல. அது ஒரு பிரதேசத்தின் கலைச் சரித்திரத்தையே எழுதுகிற காரியம்.

1910-ல் எமிலி பிரான்சுக்குப் போனார். பொருளை உள்ளது உள்ளபடி வரைவதைவிட்டு, கண்ணும் மனமும் உணர்ந்த வர்ணத்தைத் துணிந்து தீட்டும் புதிய முறை அங்கே அப்போது பரவியிருந்தது. அந்த முறையைக் கற்றுக்கொண்டு திரும்பினார். 1912 கோடையில் ஆறு வாரம் போலச் சுற்றினார். அலெர்ட் பே, ஸ்கீனா நதிக்கரை, இன்று ஹைடா குவாய் என்று அழைக்கப்படும் தீவுகள் எல்லாவற்றையும் படகிலும் வண்டியிலும் நடந்தும் பார்த்தார். 1913-ல் வான்கூவரில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஏறக்குறைய 200 படங்களை மாட்டினார். கம்பங்களைப் பற்றித் தாமே எழுதிய பிரசங்கத்தையும் வாசித்தார். படமும் அதற்கான சரித்திரமும் ஒரே கையிலிருந்து வந்தன.

இந்தத் தொகுதியை மாகாண சர்க்கார் வாங்கிப் பாதுகாக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். மியூசியத்துக்காகப் பழங்குடிப் பொருள்களைச் சேகரித்து வந்த டாக்டர் நியூகூம் என்ற நிபுணர் படங்களைப் பார்வையிட்டார். வர்ணம் அளவு மீறிப் பளிச்சிடுகிறது, ஆராய்ச்சிக்கு வேண்டிய துல்லியம் இல்லை என்பது அவர் தீர்ப்பு. சர்க்கார் வாங்கவில்லை.

இந்த இடத்தில் எமிலியின் ரசிகர்கள் அந்த நிபுணரைத் திட்டுவது வழக்கம். எனக்கு அப்படித் திட்டத் தோன்றவில்லை. ஆவணம் கேட்டவருக்கு ஆவணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நான் கேட்க நினைக்கும் கேள்வி வேறு. ஒரு மனிதப் பிறவி கண்டதை எழுதி வைக்கும்போது, கண்டவரின் மனத்தைப் பிரித்து எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் ஆவணம் என்று சொல்லலாமா? அப்படி ஒரு மிச்சம் உண்டா?

அதன்பின் சுமார் பதினைந்து வருஷம் எமிலி மிகக் கொஞ்சமாகவே வரைந்தார். விக்டோரியாவில் வீடு கட்டி வாடகைக்கு விட்டார், நாய் வளர்த்து விற்றார், பழங்குடிச் சித்திரங்கள் போட்ட மண்பாண்டங்கள் செய்து சுற்றுலாக்காரர்களுக்கு விற்றார். பிற்பாடு அந்தப் பாண்டங்களைப் பற்றி அவருக்கே வெட்கம் இருந்தது. இன்னொருவர் குலச்சின்னத்தைச் சாம்பல் கிண்ணத்தில் போட்டு விற்பது முறையல்ல என்று அவர் உணர்ந்திருந்தார். 1927-ல் ஆட்டவாவில் தேசியக் கலைக்கூடம் மேற்குக் கரைக் கலைக்கு ஒரு கண்காட்சி நடத்திய போதுதான் அவரைத் தேடி அழைத்தார்கள். அங்கே லாரன் ஹாரிஸ் முதலிய ஓவியர்களின் நட்புக் கிடைத்தது. ஐம்பத்தைந்து வயதுக்குமேல், ஓர் இளைஞரின் வேகத்தோடு மறுபடி தூரிகையை எடுத்தார்.

இந்த இரண்டாவது பருவத்தில் அவர் செய்த மாறுதலை ஒரே உதாரணத்தில் பார்த்துவிடலாம். ஹைடா தீவுகளில் கம்ஷேவா என்ற ஊர். ஜனங்கள் விட்டுப்போன ஊர் அது. அங்கே ஒரு கம்பத்தின்மேல் மரத்தில் செதுக்கிய அண்டங்காக்கை ஒன்று இருந்தது. 1912-ல் எமிலி அதை நீர்வர்ணத்தில் தீட்டினார். மழை ஈரம், மங்கிய வானம், முழங்கால் உயரப் புதர், நடுவே பாசி படிந்த பறவை. பார்க்கிறவனுக்கு இன்ன இடத்தில் இன்னது இருந்தது என்று தெரிகிறது. 1931-ல் அதே படத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டு எண்ணெய் வர்ணத்தில் 'பெரிய அண்டங்காக்கை' என்ற படத்தைத் தீட்டினார். இப்போது புதர் கடல் அலைபோல் திரண்டு உருளுகிறது. வானத்திலிருந்து ஒளி தூண்தூணாக இறங்குகிறது. பறவை ஒரு மலைபோல் உட்கார்ந்திருக்கிறது. கம்பீரம் என்றால் அதுதான் கம்பீரம்! முதல் படத்தைவிட இது மேலான சிருஷ்டி என்பதில் இரண்டு அபிப்பிராயத்துக்கு இடமில்லை.

ஆனால் அந்தப் பறவையைப் பற்றி எமிலியே எழுதியிருப்பதைப் படித்த பிறகு படத்தைப் பாருங்கள். அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு வெற்றுக் கம்பம் நின்றதாம். அதன்மேல் இருந்த ஜோடிப் பறவை எப்போதோ உளுத்து விழுந்துவிட்டது. இரண்டு பறவைகளும் ஒரு பெரிய வீட்டின் வாசலுக்கு இருபுறமும் காவலாக இருந்தவை. பெரியம்மை வந்தபோது மாண்டவர்களின் உடல்களால் நிறைந்திருந்த வீடு அது. இந்தச் செய்தி படத்தில் எங்கே இருக்கிறது? வெற்றுக் கம்பம் இல்லை. வீடு இல்லை. மாண்டவர்களும் இல்லை. பார்க்கிறவனுக்கு ஏதோ ஆதிகாலத்துத் தனிமை தெரிகிறது. அந்தத் தனிமைக்குக் காரணமான கொள்ளை நோய் தெரியவில்லை.

இன்னொரு படம். 1929-ல் யூகோட் என்ற கிராமத்து மாதா கோயிலை வரைந்தார். கரும்பச்சைக் காடு நாலாபுறமும் நெருக்க, நடுவே பல்போல் வெள்ளையாக ஒரு சிறு கோயில். லாரன் ஹாரிஸே அதை வாங்கிக்கொண்டார். உண்மையில் அந்தக் கோயில் ஜனங்கள் குடியிருந்த ஊரில் நின்றது. படத்தில் ஊரைக் காணோம். சிலுவைகள் இருக்கின்றன. வாழ்கிறவர்கள் இல்லை. டொரண்டோவில் உள்ள கலைக்கூடம் 2018-ல் அந்தப் படத்தின் பழைய பெயரை விலக்கி, கிராமத்தின் பெயரைச் சேர்த்துப் புதுப்பெயர் வைத்தது. பெயரிலாவது ஊர் திரும்பி வந்தது.

1912-ன் படங்களில் சிலவற்றில் வாசலில் உட்கார்ந்த மனிதர்களும் நடமாடும் மனிதர்களும் உண்டு. கலை உயர உயர மனிதர்கள் மறைந்துகொண்டே வருகிறார்கள். இது குற்றச்சாட்டு அல்ல. ஓர் ஓவியர் எதை விலக்கினார் என்பதையும் பார்த்தால்தான் எதை அடைந்தார் என்பது புரியும். ஆனால் விலக்கியதன் விளைவு சாமான்யமானதல்ல. இந்த ஜாதியே அழிந்துபோயிற்று, மிஞ்சியது மரமும் காடுமே என்று உலகம் நம்புவதற்கு அந்தப் படங்களின் அழகும் ஒத்தாசை செய்தது.

அவர்கள் அழிந்துபோகவில்லை. கம்பம் நிறுத்தும் வைபவம் பாட்லாட்ச் என்னும் பெருவிருந்தில் நடக்கும். வந்தவர்களுக்கெல்லாம் பொருளை வாரி வழங்கித் தங்கள் உரிமையை நிலைநாட்டும் சடங்கு அது. 1884-ல் கனடா சர்க்கார் அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 1921-ல் ஒரு தீவில் நடந்த விருந்துக்காகப் பலரைக் கைது செய்து, முகமூடிகளையும் அணிகளையும் பறிமுதல் செய்தார்கள். அந்தத் தடை 1951 வரை நீடித்தது. கம்பங்கள் தாமாகவே ஓய்ந்துவிடவில்லை. அவற்றை நிறுத்தும் கைகளைச் சட்டம் கட்டிப்போட்டிருந்தது. எமிலி அலெர்ட் பே பக்கம் அலைந்துகொண்டிருந்த 1912-ல், மங்கோ மார்ட்டின் என்ற சிற்பி அந்தப் பிரதேசத்தில் முப்பது வயது கடந்த தேர்ந்த கைகாரராக இருந்தார். தடை நீங்கிய மறுவருஷம் விக்டோரியா மியூசியம் அவரையே அழைத்துக் கம்பம் செதுக்கச் சொன்னது. எமிலியின் படங்களை வேண்டாம் என்ற அதே மாகாணத்தின் மியூசியந்தான்!

இவ்வளவும் சொன்ன பிறகு புத்தகத்துக்கு வருகிறேன். 1937-ல் எமிலிக்கு இருதய நோய் கண்டது. காட்டுக்குப் போய் வரைவது சிரமமாயிற்று. படுக்கையில் சாய்ந்தபடி எழுத ஆரம்பித்தார். 1941-ல் 'கிளீ விக்' வெளிவந்தது. பழங்குடிகள் அவருக்கு வைத்த செல்லப்பெயர் அது. சிரிப்பவள் என்று பொருள். இருபத்தொரு சிறு சித்திரங்கள். கனடாவின் கவர்னர் ஜெனரல் பரிசு அதற்குக் கிடைத்தது.

படங்களிலிருந்து வெளியேறிய மனிதர்கள் எல்லாரும் இந்தப் புத்தகத்தில் குடியிருக்கிறார்கள். அவரைப் படகில் ஏற்றிப் பாழூர்களுக்கு அழைத்துப் போன தம்பதிகள் இருக்கிறார்கள். மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்ப மறுக்கும் தாய் இருக்கிறாள். எல்லாருக்கும் மேலாக ஸோஃபி இருக்கிறாள். கூடை முடைந்து வீடு வீடாகப் போய் விற்கும் பெண். ஒருநாள் எமிலியின் கதவைத் தட்டுகிறாள். கூடைக்குப் பதில் பழந்துணி கேட்கிறாள். எமிலியிடம் அப்போது துணி இல்லை. அதனால் என்ன, கூடையை இப்போது வைத்துக்கொள், துணி பிறகு கொடு என்று முன்பின் தெரியாதவளை நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். முப்பது வருஷச் சிநேகம் அப்படித் தொடங்கியது. ஸோஃபி பெற்ற குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகின்றன. ஒவ்வொன்றுக்கும் கல்லறைக் கல் வைக்க வேண்டுமே என்று அவள் பாடுபடுகிறாள். எமிலி இதை அழாமல் சொல்கிறார். வாக்கியம் குறுகியது, சொல் எளியது. நம்மில் பலர் பத்துப் பக்கம் எழுதியும் கொண்டுவர முடியாத துக்கம் நாலு வரியில் வந்துவிடுகிறது. புத்தகத்தையே ஸோஃபிக்குத்தான் காணிக்கையாக்கினார்.

புத்தகத்தில் குறை இல்லையா? உண்டு. பழங்குடிகளைக் குழந்தைகளாகப் பார்க்கும் தொனி ஆங்காங்கே தலைகாட்டுகிறது. அவர்கள் பேசும் உடைந்த ஆங்கிலத்தை அப்படியே எழுதி, அவர்கள் சொந்த மொழியில் எவ்வளவு சரளமாகப் பேசியிருப்பார்கள் என்பதை நாம் மறக்கும்படி செய்துவிடுகிறார். எவ்வளவு அன்பு இருந்தாலும் எமிலி அந்த வீட்டுக்கு விருந்தாளிதான். பிற்கால விமர்சகர்கள் இதையெல்லாம் சுட்டிக்காட்டியது நியாயமே. ஆனால் விருந்தாளி என்பதை அந்தப் புத்தகம் ஒளிக்கவில்லை. கதவு திறக்கக் காத்து நிற்பவளாகவும், மழையில் வழிதெரியாமல் தவிப்பவளாகவும், பிறர் தயவில் ஒதுங்க இடம் பெறுபவளாகவும் அவர் தம்மையே அதில் எழுதிக்கொள்கிறார். படத்தில் இல்லாத பார்வையாளர் புத்தகத்தில் இருக்கிறார். அந்த நிபுணர் பார்த்திருந்தால் இதை ஆவணம் என்று ஒப்புக்கொண்டிருப்பாரோ என்னவோ, நான் ஒப்புக்கொள்கிறேன்.

இந்தப் புத்தகம் உண்மையான சாட்சியம் என்பதற்கு அதன் மேல் விழுந்த கத்தரியே அத்தாட்சி. எமிலி இறந்து ஆறு வருஷம் கழித்து, 1951-ல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று ஒரு பதிப்புப் போட்டார்கள். பாதிரிமார்களைக் குறை சொன்ன பகுதிகளையெல்லாம் அதில் நீக்கிவிட்டார்கள். வெள்ளைக்காரக் குழந்தையை வளர்த்த பழங்குடிப் பெண்ணின் கதை ஒன்று முழுதாகவே போயிற்று. பாட்லாட்ச் தடையைச் சர்க்கார் கைவிட்டதும் அதே 1951-ல்தான் என்பதைக் கவனியுங்கள். ஒரு கை கட்டை அவிழ்த்தது, இன்னொரு கை வாயைப் பொத்தியது. வெட்டிய பகுதிகளைச் சேர்த்துப் பழையபடி பதிப்பிக்க 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பல வாசகர்கள் படித்தது குறைபட்ட புத்தகம்.

இந்த ஐம்பது வருஷத்திலும் எமிலியின் ஓவியங்களை யாரும் கத்தரிக்கவில்லை. அவை கலைக்கூடங்களில் கௌரவமாக மாட்டப்பட்டிருந்தன. பெரிய அண்டங்காக்கையைப் பார்த்து யாருக்கும் கோபம் வர நியாயம் இல்லை. மிஷன் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொன்ன ஒரு தாயைக் கண்டுதான் பதிப்பாளருக்குப் பயம் வந்தது.

எமிலி காரின் படங்களைப் பார்க்க நம்மில் அநேகருக்குக் கனடா போகும் வசதி இராது. அச்சில் வரும் பிரதிகளைத்தான் பார்ப்போம். பார்க்கிறவர்கள் 'கிளீ விக்'கையும் தேடிப் படிக்க வேண்டும். 2003-க்குப் பிந்திய பதிப்பாகப் பார்த்து வாங்கவும். படித்து முடித்துவிட்டு அந்த அண்டங்காக்கையின் முன் மறுபடி நின்று பாருங்கள். பக்கத்தில் அந்த வெற்றுக் கம்பமும், வாசல் கதவு சாத்திய அந்தப் பெரிய வீடும் உங்கள் கண்ணுக்குத் தெரியும்.