பட்டம் அவனுக்கு, பாடு அவளுக்கு!

துப்பாக்கி ஏந்திய கரங்கள் புத்தகம் ஏந்தின; புத்தகம் ஏந்திய கரங்களே தொட்டிலும் ஆட்டின! இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்கக் கல்லூரிகள் கண்ட புதுக் காட்சி அது. 1944-இல் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட போர்வீரர் மறுவாழ்வுச் சட்டம், ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணம் தந்தது. மனைவியுடைய மாணவனுக்கு 1948-இல் மாதம் 105 டாலரும் அளித்தது. ஏறத்தாழ 22 இலட்சம் பேர் அதன் துணையால் கல்லூரி புகுந்தனர். குடியிருக்க இடம்? படைவீரர் கொட்டகைகளும், வளைந்த தகரக் குடில்களும், சக்கர வண்டி வீடுகளும்! (தென் மாநிலங்களின் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின வீரனுக்குக் கதவடைத்த கொடுமை தனிக் கட்டுரைக்குரியது.)

அந்த நெருக்கடியைக் கதையாக்கிய படம், ஜார்ஜ் சீட்டன் இயக்கி 1948-இல் வெளிவந்த 'அபார்ட்மெண்ட் ஃபார் பெக்கி'. வாழ்ந்தது போதுமென்று தற்கொலைக்குத் திட்டமிடும் ஓய்வுபெற்ற தத்துவப் பேராசிரியர். அவர் வீட்டுப் பரணில் குடியேறும் இளந்தம்பதியர் பெக்கி, ஜேசன். சலசலவெனப் பேசும் அந்தப் பெண்ணே கிழவருக்கு வாழும் விருப்பத்தைத் தருகிறாள். ஜீன் கிரெய்ன் நடிப்பில் குறையில்லை. எட்மண்ட் குவென் நடிப்பிலோ நெஞ்சம் நெகிழ்கிறது.

படத்தின் உயிர்நாடி எது? கணவர்கள் கற்றுக் கற்று உயர, மனைவியர் பின்தங்கிவிடக் கூடாதென்று, பேராசிரியரைக் கொண்டு அவர்களுக்குத் தத்துவம் போதிக்கச் செய்கிறாள் பெக்கி. அருமையான எண்ணம்! பாராட்டுகிறேன். ஆனால் அந்த அறிவு எதற்காக? கணவனுக்கு ஈடாகப் பேசுவதற்காக! தேர்வில்லை, பட்டமில்லை, அவள் பெயரில் ஒரு வேலையும் இல்லை.

குழந்தையை இழந்த துயரத்திற்குப்பின் ஜேசன் படிப்பை விட்டு, சிகாகோவுக்குப் பழைய கார் விற்கப் போகிறான். ஆசிரியனாக வேண்டியவன் கார் விற்கிறான்! ஆசிரியத் தொழிலிலிருக்கும் எனக்கு அந்த இடம் சுருக்கென்றது.

கணவனைப் படிக்கவைக்க உழைத்த மனைவியர்க்கு விளையாட்டுப் பட்டங்கள் வழங்கிய விந்தையும் அந்நாட்டில் நடந்தது. கல்லூரி மாணவரில் பெண்களின் பங்கு 1920-இல் நூற்றுக்கு 47. 1958-இல் 35 என்று 1963-இல் எழுதினார் பெட்டி ஃபிரீடன். பெக்கிகள் எங்கே போனார்கள் என்பதற்கு அந்த எண்ணிக்கை விடை சொல்கிறது. படமோ, ஜேசன் கல்லூரிக்குத் திரும்புவானா என்றுதான் தவிக்கிறது; பெக்கி எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை.