ஊறவைப்பது யார்?

‘ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை இரவே ஊறவைத்து, காலையில் அரைத்து, வெறும் வயிற்றில் கொடுத்துவர, சர்க்கரை கட்டுக்குள் வரும்.’ நீரிழிவுக்கான மாற்று மருத்துவக் குறிப்புகள் பெரும்பாலும் இந்த அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. பெண்கள் இதழ்களின் இணைப்பு, காலை நேரத் தொலைக்காட்சி, இப்போது வாட்ஸ்அப் என்று இடம் மாறினாலும் வாக்கியம் மாறவில்லை. இலக்கணப்படி இதன் எழுவாய் சர்க்கரை. அது தானாகவே கட்டுக்குள் வந்துவிடுகிறது. ஊறவைக்கிற, அரைக்கிற, கொடுக்கிற ஆள் வாக்கியத்தில் எங்கும் இல்லை. யார் என்று சொல்ல வேண்டியதில்லை என்பது எழுதுபவருக்கும் தெரியும், வாசிப்பவருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில் அந்த ஆள் அம்மா. அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாள்முதல் பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூக் கஷாயம், நாவல்கொட்டைப் பொடி என்று அடுப்படியில் ஒரு மருந்துக்கடையே நடந்தது. அப்பாவுக்குத் தனிச் சமையல், பிள்ளைகளுக்குத் தனிச் சமையல், மிஞ்சியது அம்மாவுக்கு. ஒன்பது ஆண்டுகள் கழித்து, ஆறாத கால்புண்ணோடு மருத்துவமனைக்குப் போனபோதுதான் அம்மாவுக்கும் சர்க்கரை இருப்பது தெரிந்தது. எத்தனை காலமாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வீட்டில் சர்க்கரை நோயைப் பற்றி அதிகம் படித்தவர் அவர்தான். ஒருமுறைகூட ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளாதவரும் அவர்தான்.

இக்குறிப்புகள்மீது என் முதல் குற்றச்சாட்டு இதுதான்: அவற்றுக்குப் பெண்ணின் கைகள் தெரியும், உடல் தெரியாது. கர்ப்பகாலத்தில் சர்க்கரை கூடிய பெண்ணுக்குப் பிரசவத்தோடு அது இறங்கிவிட்டாலும், பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். நீரிழிவு இருபாலருக்கும் இதயநோய் அபாயத்தைக் கூட்டுகிறது. ஆனால் கூடும் விகிதம் பெண்ணுக்கே பெரிது. பிறப்புறுப்பில் திரும்பத் திரும்ப வரும் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும்கூடச் சர்க்கரையின் அறிகுறியாக இருக்கலாம். வெளியில் சொல்லக் கூசி, களிம்பு தடவிக்கொண்டு காலம் தள்ளும் பெண்களுக்கு இதை எந்தக் குறிப்பு சொல்கிறது?

தாவரத்தில் மருந்தே இல்லை என்று நான் வாதிடவில்லை. இன்று மிகப் பரவலாகத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையின் வரலாறே கலேகா என்ற ஐரோப்பியச் செடியில்தான் தொடங்குகிறது. ஆனால் செடியிலிருந்து மாத்திரைவரை அளவும் சோதனையும் பக்கவிளைவுப் பதிவும் கடக்கவேண்டிய தூரம் உண்டு. வெந்தயத்தின் நார்ச்சத்து, உணவின் சர்க்கரை ரத்தத்தில் கலப்பதை மெதுவாக்கும். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சற்று நேரத்துக்கு நாக்கில் இனிப்பு உறைக்காது. நாக்குக்கு இனிப்பு தெரியாமல் போவதும் ரத்தத்தில் சர்க்கரை குறைவதும் ஒன்றாகிவிடாது. இவற்றைத் துணையாக வைத்துக்கொள்வதில் சண்டையில்லை. ‘மாத்திரையை நிறுத்திவிடலாம்’ என்ற அடுத்த வரியில்தான் ஆபத்து இருக்கிறது.

முதல் வகை நீரிழிவில் அந்த வரி உயிரையே வாங்கும். அதில் கணையம் இன்சுலினை அநேகமாகச் சுரப்பதே இல்லை. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும்வரை, இந்நோய் வந்த குழந்தைகளுக்குப் பிழைக்க வழியிருக்கவில்லை. இன்று ஊசி இருக்கிறது. ஆனால் ‘பொம்பளைப் பிள்ளைக்கு ஊசி என்றால் யார் கட்டிக்கொள்வான்?’ என்ற கேள்வியும் இருக்கிறது. ‘ஊசியின்றி முற்றிலும் குணம்’ என்ற விளம்பரம் நோயை மட்டுமா குறிவைக்கிறது? அந்தக் கேள்வியின் வெட்கத்தையும் சேர்த்தே காசாக்குகிறது. இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே ரத்தம் அமிலமாகிச் சாவு நேரலாம். நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. விளம்பரங்களோ ஓய்ந்தபாடில்லை.

‘பாட்டி வைத்தியம் பெண்களின் அறிவு. அதைத் தாக்குவது ஆண்களின் மருத்துவத்துக்குத் துணைபோவதாகும்’ என்று தோழிகள் சிலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. ஒரு பெண் தன் உபாதையைச் சொல்லி முடிக்கும்முன் மருந்துச் சீட்டை நீட்டிவிடும் மருத்துவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காதுகொடுத்துக் கேட்பவரிடம் பெண்கள் போவதில் வியப்பில்லை. ஆனால் பாட்டிக்குத் தன் எதிரே இருப்பவரைத் தெரியும். ஒன்று கேட்கவில்லை என்றால் மறுநாள் வேறொன்று பார்ப்பாள். பொடியைப் புட்டியில் அடைத்து விற்பவருக்குப் பாட்டியின் பெயர் போதும், அவளுடைய பொறுப்பு வேண்டாம். சர்க்கரை இறங்காவிட்டால் ‘பத்தியம் சரியாகப் பார்த்தீர்களா?’ என்ற கேள்வி மீண்டும் அடுப்படிக்கே வருகிறது. குணமானால் மூலிகையின் மகிமை, ஆகாவிட்டால் சமைத்தவளின் தவறு.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டுவருபவரும் பெண்தான், சொற்ப ஊக்கத்தொகைக்கு உழைப்பவர். அவர் அப்பாவின் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, ‘உங்களுக்குக் கடைசியா எப்போம்மா பார்த்தீங்க?’ என்றும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்க அவருக்கு நேரமும் கூலியும் இருக்க வேண்டும். பெண்ணிய அரசியல் இங்கே கேட்க வேண்டியது இதைத்தான்.

அம்மா இப்போதும் இரவில் வெந்தயம் ஊறவைக்கிறார், இரண்டு டம்ளர்களில். இரண்டாவது டம்ளருக்குப் பக்கத்தில் அவருடைய மாத்திரை அட்டை இருக்கிறது. வலது காலில் பெருவிரல் இல்லை.