டிராகுலாவின் ஆவணங்கள்

லண்டனின் லைசியம் நாடக அரங்கில் நிர்வாகியாக இருந்த பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட 'டிராகுலா', ஆசிரியரே கதை சொல்லாமல், நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் துணுக்கு ஆகியவற்றை அடுக்கிக் கதையாக்கும் ஆவண உத்தியில் அமைந்த நாவலாகும். வழக்கறிஞர் ஹார்க்கர் சுருக்கெழுத்தில் எழுதுகிறார். மருத்துவர் சீவர்ட், மெழுகு உருளையில் குரலைப் பதியும் போனோகிராஃப் என்ற அன்றைய புதுக் கருவியில் பேசுகிறார். ஹார்க்கரின் மனைவி மீனா இவற்றையெல்லாம் தட்டச்சு செய்து கால வரிசைப்படுத்துகிறாள். ஒவ்வொருவரும் தாம் கண்டதை மட்டுமே பதிவதால், ஆபத்தை அவர்களுக்கு முன்பே வாசகர் உணர்ந்துவிடுகிறார். அச்சம் பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

முதல் நான்கு அத்தியாயங்களில் தன் கோட்டையின் தலைவனாக நேரில் நடமாடும் டிராகுலா பிரபு, அதன் பின்னர் அரிதாகவே தோன்றுகிறான் என்பதும், அவன் பக்கத்து நியாயத்தைச் சொல்லும் நாட்குறிப்பு எதுவும் தொகுப்பில் இல்லை என்பதும் ஸ்டோக்கரின் நுட்பமான தேர்வுகள். மாலுமிகள் ஒருவர்பின் ஒருவராக மறைவதை வறண்ட மொழியில் பதியும் பிரபு பயணிக்கும் டெமிட்டர் கப்பலின் பதிவேடு, கப்பல் தலைவர் சுக்கான் சக்கரத்தில் கட்டுண்ட பிணமாக விட்பி துறைமுகத்தை அடைவதோடு சேர்ந்து, நூலின் உச்சமாக நிற்கிறது. பேராசிரியர் வான் ஹெல்சிங்கின் உடைந்த ஆங்கிலச் சொற்பொழிவுகளோ (அவற்றைப் பொறுத்துக்கொள்ளத் தனிப் பயிற்சி வேண்டும்) பிற்பகுதியைத் தொய்வடையச் செய்கின்றன. பிரபுவைத் துரத்தும் இறுதிப் பகுதியும் நீளம்தான். எனினும், திகில் நாவலின் கட்டமைப்பை அறிய விரும்புவோர் முதலில் படிக்க வேண்டிய நூல் இதுவே.